புங்கை மரத்தை மொட்டையடித்த சனிக்கிழமை

அன்றைக்குப் பெருங்களத்தூர் குடியிருப்புப் பூங்காவின் மூலையில் இருந்தவர்கள் ஆறு பேர். நான். மரம் ஏறும் ஏழுமலை. தண்ணீர் ஊற்றவும் கயிறு பிடிக்கவும் என்னோடு வந்த செல்வி. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், எல்லோருக்கும் செக்ரட்டரி சார். மூன்றாம் மாடி டீச்சரம்மா, கையில் நீல பக்கெட்டோடு. இஸ்திரி வண்டி தனபால். இவ்வளவுதான். எண்ணிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதற்குப் பின் ஒரு மாதம், "அந்தம்மா மரத்தைச் சாகடிச்சதை நானே பக்கத்துல நின்னு பார்த்தேன்" என்று சொன்னவர்கள் இருபது பேருக்குக் குறைய மாட்டார்கள்.

நர்சரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி கேட்டார். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வண்டலூர் தாண்டி ரோட்டோரம் இருக்கிற இதே நர்சரியில் பைகளில் மண் நிரப்பும் வேலைக்குச் சேர்ந்து, கடைசியில் பெரிய மரங்களைப் பெயர்த்து நடும் வேலைக்குப் பொறுப்பாளாகி, போன வருஷம்தான் நின்றேன். நீங்கள் டிப்ளமோ படித்தவர்கள். இலைக்கு அடியில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத வாய்களுக்கு என்ன பெயர், அவை எப்போது திறக்கும், எப்போது மூடும் எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்ல நான் வரவில்லை. தெரிந்திருந்தும் செய்யாமல் விட்ட ஒரு காரியத்தைச் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று. நான் பயந்தவள். பஸ் ஏறிய பிறகு கேஸை அணைத்தேனா என்று இறங்கித் திரும்பிப் போயிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. செடிகளை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, லாரி சேர்ந்ததா என்று டிரைவருக்கு நாலு தரம் போன் போட்டு, அவர் என் நம்பரையே எடுக்காமல் விட்டதும் உண்டு. இந்தச் சுபாவம் நம் தொழிலுக்கு நல்லது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். யாருக்காகப் பயப்படுகிறோம் என்பது ஒன்று இருக்கிறதே, அது எனக்கு அந்தப் புங்கை மரத்திடம்தான் விளங்கியது.

மரம் அந்தக் குடியிருப்பின் வாசல் தெருவில் இருந்தது. மழைநீர் வடிகால் தோண்டும் பாதையில் சரியாக நடுவில். வெட்டிவிடுவார்கள் என்று தெரிந்ததும் சங்கத்தில் கூட்டம் போட்டு, உள்ளே பூங்கா மூலைக்கு மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். எண்பது அடி தூரம்தான். வடிகால்காரர்கள் கொடுத்த கெடு ஐந்து நாள்.

அந்த மரத்தடியில் பன்னிரண்டு வருஷமாக தனபாலின் இஸ்திரி வண்டி நின்றது. கரி போடும் இரும்புப் பெட்டி. கையில் நெருப்பு, தலைக்கு மேல் நிழல். நிழல் இல்லாமல் சித்திரை வெயிலில் அந்தப் பெட்டியைப் பிடித்து நிற்க எந்த மனுஷனாலும் முடியாது. மரம் உள்ளே போனால் வண்டியும் உள்ளே வரலாமா என்று கூட்டத்தில் பெரிய பேச்சு. சிலருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் செக்ரட்டரி சார் ஒரு வழி சொன்னார். "மரம் நின்னா வண்டியும் நிக்கட்டும். மரம் போச்சுன்னா அந்த இடத்துல ரெண்டு கார் பார்க்கிங் போட்டுடலாம்." எல்லோரும் சரி என்றார்கள். தனபாலும் சரி என்றார். வேறு என்ன சொல்வார்?

ஆக, நான் தூக்கி வைக்கப்போவது மரத்தை மட்டும் அல்ல என்று எனக்கு முதல் நாளே தெரியும்.

மாசி கடைசி. புங்கை பழைய இலையை உதிர்த்துவிட்டுப் புது இலை விட்டிருந்த நேரம். உங்களுக்கே தெரியும், அந்த நாட்களில் புங்கையைப் பார்த்தால் எண்ணெய் தடவிய மாதிரி மினுக்கும். அந்த இளம் இலைதான் நமக்கு ஆபத்து. அதற்கு இன்னும் தோல் தடிக்கவில்லை, தண்ணீரைத் தாராளமாக வெளியே விடும்.

நிறைய பேர் வேர்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் இழுப்பது இலை. வெயில் படப்பட இலையிலிருந்து தண்ணீர் ஆவியாகப் போகிறது. போன இடத்துக்குக் கீழேயிருந்து தண்ணீர் ஏறி வருகிறது. இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி. மரத்தைப் பெயர்க்கும்போது நாம் வேரில் முக்கால்வாசியை வெட்டிவிடுகிறோம். மேலே உறிஞ்சுகிற வாய்கள் அத்தனையும் அப்படியே இருக்க, கீழே ஸ்ட்ரா மட்டும் அறுந்துபோனால் என்ன ஆகும்? அதனால்தான் வேரை வெட்டுகிற அளவுக்கு இலையையும் எடுத்துவிட வேண்டும் என்பது நம் தொழிலில் முதல் பாடம். மண் நிரப்புகிற பெண்ணுக்குக்கூடத் தெரிந்த பாடம்.

நான் எடுக்கவில்லை. பாதிகூட எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டு விழா. சீஃப் கெஸ்ட் வருகிறார், புதிய இடத்தில் நிற்கும் மரத்துக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றுகிறார், போட்டோ எடுக்கிறார்கள். "கொஞ்சம் பசுமையா இருக்கணும் மேடம், பார்த்துக்கங்க" என்றார் செக்ரட்டரி சார். இன்னொரு பக்கம் தனபால், "யக்கா, இலைய விட்டு வெய்யிக்கா. நெழலு இருந்தாத்தான் வண்டிய உள்ள வுடுவாங்கோ" என்று என் பின்னாலேயே வந்தார். இரண்டு பேர் முகமும் வாடக் கூடாது என்று பார்த்தேன். திங்கட்கிழமை கிரேன் வந்தது. அடிக்கிளை நாலைந்தை மட்டும் கழித்துவிட்டு, மீதி இலையோடு தூக்கி வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

பயந்தவள் என்றேனே, மனுஷர்களுக்குப் பயந்தேன். மரத்துக்காகப் பயப்படவில்லை.

செவ்வாயும் புதனும் செல்வி போய்ப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். வியாழன் அன்று வேறு வேலைக்காகச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போய்விட்டோம். வெள்ளி சாயங்காலம் தனபால் போன் செய்தார். "யக்கா, மரம் தலய தொங்கப் போட்டுகினு கீதுக்கா. நேத்து மத்தியானத்துலேர்ந்தே." ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கத்தினேன். "எல்லாரும் தண்ணி ஊத்திகினேதான்கா கீறாங்கோ. சரியாப்பூடும்னு சொன்னாங்கோ."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் நாங்கள் மூன்று பேரும் அங்கே இருந்தோம். மேற்குப் பக்கத்துக் கிளைகள் துவண்டு, இலைகள் ஈரத்துணி காயப்போட்ட மாதிரி தொங்கின. அடியில் மண் சொதசொத என்றிருந்தது. விரலை விட்டேன், தண்ணீர் ஊறி நின்றது. வேர் மூச்சுமுட்டி அழுகத் தொடங்கும்போது வருகிற லேசான புளிச்ச வாடை. அந்த நேரம் பார்த்து டீச்சரம்மா பக்கெட்டோடு வந்தார்.

"பாவம்மா, குழந்தை மாதிரி வாடிப் போச்சு. எங்க பிளாக்ல முப்பது வீடும் ஒரு சொட்டு வீணாக்கறது இல்ல. ஆர்.ஓ. மெஷின்ல கழிச்சு வர தண்ணி முழுக்க இதுக்குத்தான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பக்கம் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று குளித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் நல்லதை வடிகட்டி எடுத்தபின் மிஞ்சுகிற தண்ணீர்! பக்கெட்டில் விரல் நனைத்து நாக்கில் வைத்தேன். கரித்தது. முப்பது வீட்டுக்காரர்களும் மனசார, அன்பாக, ஐந்து நாளாக உப்பை ஊற்றியிருக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. என்ன தண்ணீர் ஊற்றுவது என்று நான் சொல்லிவிட்டுப் போகவில்லை.

இலை வாடினால் மண் காய்ந்திருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். நம் ஆட்களுக்கே தோன்றும். மண்ணில் விரலை விடாமல் ஒருநாளும் குழாயைத் திறக்காதீர்கள்.

அதற்குள் செக்ரட்டரி சார் வந்துவிட்டார். "மேடம், நாளைக்கு ஃபங்ஷன். எதாவது மருந்து இருந்தா அடிங்க, சாயங்காலத்துக்குள்ள நிமிந்துடணும்."

"மருந்து இல்ல சார். இலையை எடுக்கணும்."

"எவ்வளவு?"

"எல்லாத்தையும்."

ஏழுமலைதான் முதலில் வாயைத் திறந்தான். "இன்னாக்கா சொல்றே, மொத்தத்தியுமா?"

நானே உறுதியாக இல்லை. மொட்டையடித்தும் செத்துப்போனால் கொன்றவள் நான்தான். அடிக்காமல் செத்தால் மரம் தானாகச் செத்தது. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது என்பதை ஒளிக்க மாட்டேன்.

கொஞ்சம் நேரம் வாங்குவதற்காகத்தான் ஒரு வேலை செய்தேன். நர்சரியில் குச்சி நட்டு பாலிதீன் கவர் மூடி வைப்போமே, உள்ளே துளித்துளியாகக் கோத்து நிற்குமே, அது ஞாபகம் வந்தது. தனபாலிடம் துணி போடுகிற கண்ணாடிக் கவர் ஒன்று வாங்கி, ஏழுமலையை ஏற்றி, ஒரு கிளை நுனியை அதற்குள் விட்டுக் கட்டச் சொன்னேன். வாடிய கிளையில் கட்டினால் பயனில்லை. வாடிய இலை வாயை மூடிக்கொண்டிருக்கும். கிழக்கே இன்னும் நிமிர்ந்திருந்த கிளையில் கட்டினோம். மணி எட்டரை.

பத்தரைக்கு அவிழ்த்தோம். கவரின் மூலையில் தண்ணீர் சேர்ந்திருந்தது. டீ கிளாஸில் ஊற்றினால் கால் கிளாஸ். ஒரு கிளை நுனி, இரண்டு மணி நேரம்.

"இந்த மாதிரி எத்தனை நுனி இருக்குன்னு மேலே பாருங்க சார்" என்றேன்.

செக்ரட்டரி சார் பார்த்தார். பேங்க்காரர் அல்லவா, உதடு அசைய எண்ண ஆரம்பித்து நடுவில் விட்டுவிட்டார்.

டீச்சரம்மா அந்தக் கிளாஸை வாங்கி, என்னைப் போலவே விரல் நனைத்து நாக்கில் வைத்தார். முகம் மாறியது. "இதுல உப்பே இல்லியே."

"இலை வழியா தண்ணி மட்டும்தாம்மா போகும்."

"அப்போ நாங்க ஊத்தின உப்பெல்லாம்?"

"கீழதான் நிக்குது. தண்ணி போகப்போக உப்பு கூடிகிட்டே வரும். வேர் இன்னும் கஷ்டப்படும்."

பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ, கொன்னுட்டேனா?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். நீங்கள் கொல்லவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பக்கெட்டை எடுத்து ஓரமாக வைத்தேன்.

தனபால் வண்டியை உள்ளே கொண்டுவந்து சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்திருந்தார். கரி இன்னும் பற்றவைக்கவில்லை. "யக்கா, நான் ஒண்ணு கேக்கறேன். இலைய எடுத்துட்டா மரம் பொழைக்குமா?"

"தெரியல தனபால்."

"எடுக்காங்காட்டி?"

"பொழைக்காது."

"இன்னா யக்கா, ரெண்டு பக்கமும் பேஜாரா சொல்றே" என்று தலையைச் சொறிந்துகொண்டார்.

மோட்டார் ரூம் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீர் குடிக்கப் போனதாக எல்லோரும் நினைத்தார்கள். அங்கே நின்று என்னை நானே கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். இரண்டில் எது திரும்பி வரும்? இலை போனால் வரும். வேர் அழுகினால் வராது. விழா அடுத்த வருஷம் வரும். எனக்கு நல்ல பெயரும், என்றைக்காவது வரலாம். அவ்வளவுதான் என் கணக்கு. பெரிய படிப்பு எதுவும் அதில் இல்லை. பிள்ளைகளே, அவசரத்தில் கை நடுங்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நடுக்கம் போகாது, ஆனால் கை வேலை செய்யும்.

திரும்பி வந்து ஏழுமலையை ஏறச் சொன்னேன்.

"மொட்டை மரத்துக்கு முன்னாடியா மேடம் சீஃப் கெஸ்ட் குத்துவிளக்கு ஏத்தறது? யோசிச்சுத்தான் பண்றீங்களா?" என்றார் செக்ரட்டரி சார்.

"யோசிச்சாச்சு சார். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. ஏழுமலையை ஒண்ணும் சொல்லாதீங்க."

சிறு கிளைகளை அறுத்து, மீதி இலைகளைக் கையால் உருவினோம். மதியம் இரண்டாயிற்று. வெட்டுவாய்களில் களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, அடிமரத்தில் ஈரச் சாக்குச் சுற்றினோம். செல்வி பள்ளம் வெட்டி நின்ற தண்ணீரை வடியவிட்டாள். உப்பேறிய மேல்மண்ணை அள்ளிவிட்டு மணல் கலந்த மண் போட்டு, நர்சரித் தண்ணீரை டிரம்மில் கொண்டுவந்து ஒரே ஒரு முறை அலசிவிட்டோம். நிமிர்ந்து பார்த்தால் வானத்தில் நாலைந்து கம்பு நட்டது மாதிரி இருந்தது. பச்சை முழுவதும் கீழே, தனபாலின் வண்டிச் சக்கரத்தைச் சுற்றிக் கிடந்தது. அவர் அதை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார். பங்குனி வெயில் நேராக அவர் தலையில் விழுந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போக என்னால் முடியவில்லை. நர்சரிக்குப் போய்ப் பச்சை நிழல்வலை ஒரு துண்டும் நாலு மூங்கிலும் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி எடுத்துவந்து, வண்டிக்கு மேல் கட்டினேன். ஆயிரத்து நானூறு ரூபாய். தனபால் சும்மா வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார். "கடனா வெச்சுக்கறேன்கா. மரம் தழைச்சா குடுக்கறேன்."

"தழைக்கலேன்னா?"

"அப்போ நான் எங்க கீறேனோ, அங்க வந்து வாங்கிக்க."

மறுநாள் விழாவில், சீஃப் கெஸ்ட் அண்ணாந்து பார்த்து இது என்ன மரம் என்று கேட்டாராம். செக்ரட்டரி சார் கொஞ்சமும் தயங்காமல், "புங்கை சார். ரெஸ்ட்ல இருக்கு" என்றாராம். அந்த மனுஷர் மேல் அன்றைக்குத்தான் எனக்கு மரியாதை வந்தது.

பிறகு ஐந்து வாரம். அதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மரம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, நகத்தால் பட்டையை லேசாகக் கீறுவோம், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை கீறினால் போதும். நான் தினமும் போய்க் கீறினேன். வேலைக்குப் போகும் வழியில் ஒன்று, வரும் வழியில் ஒன்று. ஆறாம் நாள் காலை தனபால் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏன்கா, தெனம் வந்து அத்த கீறிகினே கீறே. ஐசியூல படுத்துகினு கீறவன போயி தெனம் எழுப்பி 'உசுரோட கீறியா'ன்னு கேப்பாங்களா?" அன்றோடு நிறுத்தினேன். அந்தக் கீறல்கள் தழும்பாகி இன்றும் இருக்கின்றன. பதினொன்று. போனால் பாருங்கள், நெஞ்சு உயரத்தில், தெற்குப் பக்கம்.

இதற்கிடையில் அந்த மூலையைக் குடியிருப்புக்காரர் ஒருவர் டேப் வைத்து அளந்துவிட்டுப் போனார் என்று செல்வி சொன்னாள். இரண்டு கார் சரியாக நிற்குமாம்.

ஆறாவது வாரம் தனபாலின் போன். "யக்கா, மரத்துல பரு மாதிரி பச்சையா இன்னாவோ வந்து கீது. பூச்சியான்னு வந்து பாரு."

பூச்சி இல்லை. அடிமரத்திலும் வெட்டுவாய்க்குக் கீழேயும் முளை கட்டியிருந்தது. டீச்சரம்மா கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். செக்ரட்டரி சார் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டார். எல்லோரும் சந்தோஷப்பட, எனக்கு அடுத்த பயம் பிடித்தது. பெயர்த்த மரம் சில சமயம் உடம்பில் மிச்சமிருக்கும் சத்தை வைத்து ஒருதரம் துளிர்க்கும். வேர் பிடிக்கவில்லை என்றால் அந்தத் துளிர் முதல் கடும் வெயிலில் கருகிவிடும். இதையும் மனதில் வையுங்கள், துளிரைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள்.

கத்திரி வெயில் வரும்வரை பொறுத்தேன். ஒருநாள் மதியம் இரண்டு மணிக்கு, நாய்கூட வெளியே வராத நேரம், போய் நின்றேன். இலைகள் உள்ளங்கை அளவுக்கு விரிந்திருந்தன. ஒன்றுகூடத் தொங்கவில்லை. மறுபடி ஒரு கவர் வாங்கி எட்டுகிற கிளையில் கட்டிவிட்டு, நிழல்வலைக்கு அடியில் தனபாலோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கவர் மூலையில் தண்ணீர்.

அதே தண்ணீர்தான். அந்தச் சனிக்கிழமை அதைக் காட்டித்தான் மொத்த இலையையும் உருவினேன். இப்போது அதைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றேன். இவ்வளவு வெளியே விட்டும் இலை நிமிர்ந்து நிற்கிறது என்றால், கீழே புது வேர் குடிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

தனபால் எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, மறுபடியும் மொட்டையா?"

"இல்ல தனபால். வலையைக் கழட்டலாம். ஆடி மாசம் கழட்டலாம்."

ஆடியில் கழற்றினோம். இப்போது அங்கே காலையில் வண்டியோடு சேர்த்து நாலு பேர் நிற்கிற நிழல். குடியிருப்பின் ஆர்.ஓ. தண்ணீர் போர்ட்டிகோ கழுவப் போகிறது. புதிதாக யாராவது மரத்துக்குப் பக்கெட் தூக்கினால் டீச்சரம்மா மூன்றாம் மாடியிலிருந்தே சத்தம் போடுகிறார். அளந்தவர் கார் தெருவில்தான் நிற்கிறது.

ஆயிரத்து நானூறை மொத்தமாகத் தர வந்தார் தனபால். நான் வாங்கவில்லை. துணி தேய்த்துக் கழித்துக்கொள்ளலாம் என்றேன், ஒரு புடவைக்கு இருபது ரூபாய். ரிட்டயர் ஆன பிறகும் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸில் ஏறிப் போகிறேன், பையில் ஒரே ஒரு புடவையோடு. "நாலஞ்சா எடுத்தாந்தா இன்னாக்கா, சீக்கிரம் கடன் தீந்துடும்ல?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். அவர் தேய்க்கும்வரை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு நேரம் எனக்கு வேண்டும். இதுவரை அறுபத்திரண்டு புடவை ஆகியிருக்கிறது. பாக்கி நூற்று அறுபது ரூபாய்.